காட்டுப்பன்றியும் வேட்டைத் துப்பாக்கியும்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிளைக் கமிட்டி உறுப்பினரான தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் எனக்கு முன்னே பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். காட்டுப்பன்றியைப் பற்றியும், அதைச் சுடும் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றைப் பற்றியும் பேசும்படி கமிட்டி என்னைப் பணித்திருக்கிறது. "சங்கக் கூட்டத்தில் வேட்டைப் பேச்சா?" என்று சிலர் சிரிக்கலாம். இது சிரித்து விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல. லயத்துக்குப் பின்னால் நம் தாய்மார்கள் பாடுபட்டு வளர்த்த மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் ஒரே இரவில் பறிபோகின்றன. மறுநடவுப் பகுதியில் இளங்கன்றுகளைப் பன்றி கிளறித் தள்ளுகிறது. விடியுமுன் நிரைக்குப் போகிறவர்கள் புதருக்குள் உறுமல் கேட்டுத் திரும்பி ஓடி வருகிறார்கள். வேட்டைக்காரர்களை வரவழைக்கலாமா என்று நிர்வாகம் யோசிக்கிறது. நம் வாலிபர்களில் சிலரும், "எந்தத் துப்பாக்கி நல்லது? எந்தத் தோட்டா போட வேண்டும்?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. ஆனால் துப்பாக்கிக் கடைக்காரரும் வேட்டைக்காரரும் மட்டும் பதில் சொல்லித் தீர்க்கக்கூடிய கேள்வி அல்ல அது. பன்றியின் மேல் படாத குண்டு எங்கே போகிறது? நம் நிரைக்குள் போகிறது. அங்கே மரத்தடியில் குனிந்து நிற்பவர்கள் நாம். ஆகையால் எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, எந்த நேரம், எந்த இடம் என்ற நான்கிலும் தொழிலாளிக்கும் ஒரு குரல் இருக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்த சேதி. அந்தக் குரல் வெறும் கூச்சலாகப் போய்விடாதிருக்க வேண்டுமானால், துப்பாக்கியைப் பற்றி நாலு விஷயம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பன்றியைப் பற்றிச் சொல்கிறேன். முன்னெல்லாம் இத்தனை பன்றி இல்லையே, இப்போது எங்கிருந்து வந்தது என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது. ரப்பர் சுருங்கிச் செம்பனை பெருகிவிட்டது. செம்பனைப் பழம் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. காட்டு மரங்கள் காய்க்காத காலத்தில் பட்டினி கிடக்க வேண்டிய பன்றிக்கு, தோட்டம் தினமும் இலை போட்டுச் சாப்பாடு வைக்கிறது. நெகிரி செம்பிலானில் பாசோ என்ற ஒதுக்குக் காடு இருக்கிறது. செம்பனைத் தோட்டங்களை ஒட்டியுள்ள அந்தக் காட்டில் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தபோது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1996-ல் 47 பன்றிகளும், 1998-ல் 27 பன்றிகளும் இருப்பதாகக் கண்டார்கள். பன்றியை அடித்துத் தின்ன வேண்டிய புலியும் அங்கே இல்லாமற் போயிற்று. நாடு முழுவதுமே மலாயாப் புலி 150-க்கும் குறைவு என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. தின்பதற்குப் பழமும் உண்டு, அடிப்பதற்குப் புலியும் இல்லை என்றால் பன்றி பெருகாமல் என்ன செய்யும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். பன்றி இரவிலும், விடியற்காலையிலும், பொழுது சாயும் வேளையிலும் மேயும். பால் மரம் குளிர்ந்த விடியற்காலையில்தான் நன்றாகப் பால் விடும். அதனால்தான் இருட்டோடு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நாம் நிரைக்குப் போகிறோம். பன்றி மேயும் நேரமும் நாம் வெட்டும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. பன்றி மேயும் நேரத்தைத்தான் வேட்டைக்காரரும் தேடுவார். மூன்று பேரும் ஒரே இருட்டில், ஒரே நிரையில். அபாயம் இங்கேதான் இருக்கிறது. பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்டுவிட்ட செய்திகளை நாமும் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம்.

அடுத்தது சட்டம். இந்த நாட்டில் தோட்டத் தொழிலாளிக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு கசப்பான உறவு. 1948 ஜூன் 16-ந் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசர காலம் பிரகடனமாயிற்று. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று அவசர காலச் சட்டம் சொல்லிற்று. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1949 மே 4-ந் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அரசியலை ஒப்புக்கொள்கிறவர்களும் உண்டு, ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. ஆனால் ஒரு துப்பாக்கி ஒரு தொழிலாளர் தலைவனின் உயிரை எப்படி வாங்கிற்று என்பதை யாரும் மறக்க முடியாது.

அவசர காலம் 1960-ல் முடிந்தது. அதே ஆண்டில் வந்த ஆயுதச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும், தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அதற்கு மேல் 1971-ல் வந்த தண்டனை அதிகரிப்புச் சட்டத்தின்படி, சட்ட விரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. வாலிபர்களே, இதை நன்றாக மனத்தில் வையுங்கள். "அண்ணனுடைய துப்பாக்கி, ஒரு ராத்திரிக்குத்தான் வாங்கினேன்" என்பது கோர்ட்டில் செல்லாது. குழாயைப் பொருத்தி ஆணியை வைத்து நாமே செய்துகொண்ட துப்பாக்கி என்பதும் செல்லாது. அது முதலில் பன்றியின் முகத்தில் வெடிக்குமா, உன் முகத்தில் வெடிக்குமா என்பதும் தெரியாது.

பன்றிக்கும் சட்டம் உண்டு. 2010-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் காட்டுப்பன்றியும் சேர்ந்திருக்கிறது. வேட்டையாடப் பெர்ஹிலித்தான் என்னும் வனவிலங்குத் துறையின் லைசென்ஸ் வேண்டும். பயிரை அழிக்கும் மிருகத்தை முதலில் விரட்டிப் பார்த்து, விரட்டியும் போகாவிட்டால் நிலத்துக்கு உரியவர் சுடலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதற்கும் துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும். சுட்ட பிறகு அந்தத் துறைக்குத் தெரிவித்துவிடுவதே முறை. ஆகவே போலீஸ் அனுமதி ஒன்று, வனவிலங்குத் துறை அனுமதி ஒன்று. இரண்டு காகிதத்தையும் காட்டாத எந்த வேட்டைக்காரரும் நம் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். வேட்டைத் துப்பாக்கியில் பொதுவாக இரண்டு ஜாதி. ஒன்று ரைஃபிள். அதன் குழலுக்குள் மறை போட்டிருக்கும், ஒரே குண்டு சுழன்றுகொண்டு நெடுந்தூரம் போகும். மற்றொன்று ஷாட்கன். அதன் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும், ஒரு தோட்டாவில் பல குண்டுகள் சேர்ந்து புறப்பட்டுப் பரவிப் போகும். மலாய்க்காரர்கள் "செனாப்பாங் பாத்தா" என்று சொல்லும், நடுவில் ஒடித்துத் தோட்டா போடும் துப்பாக்கி இந்த ஷாட்கன்தான்.

பெரிய ரைஃபிள் பன்றியை ஒரே குண்டில் சாய்க்கும் என்பது உண்மை. பரந்த வெளியும், பின்னால் மண் மேடும் உள்ள நாடுகளில் அது நல்ல ஆயுதம். ஆனால் அதன் குண்டு தவறினால் மைல் கணக்கில் போகும். ஒரு டிவிஷனைத் தாண்டி அடுத்த டிவிஷன், அதற்கு அப்பால் லயம், பள்ளிக்கூடம், கோயில் என்று நெருங்கிக் கிடக்கும் தோட்டத்தில் அதற்கு இடமில்லை. சிலர் சிறிய ரைஃபிளை, அதாவது .22 என்பதை, சத்தமும் குறைவு, விலையும் குறைவு என்று சொல்கிறார்கள். அதன் குண்டு மூன்று கிராம்கூட இல்லை. பெரிய ஆண் பன்றியின் தோளில் கேடயம் போலக் கெட்டியான தோலும் குருத்தெலும்புமாக ஒரு கவசம் இருக்கிறது. ஆண் பன்றிகள் ஒன்றோடொன்று குத்திக்கொள்ளும்போது காப்பாற்றிக்கொள்ள இயற்கை கொடுத்த கவசம் அது. அதன் மேல் .22 பட்டால் பன்றி காயத்தோடு ஓடும். தவறிய குண்டோ ஒன்றரை மைல் வரை போகக்கூடும். பன்றிக்குப் போதாது, மனிதனுக்கு அதிகம். இப்படிப்பட்ட ஆயுதம் நமக்கு வேண்டாம்.

ஆகவே தோட்டத்துக்கு ஏற்றது ஷாட்கன்தான். அதிலும் 12-போர் என்னும் அளவு. போர் என்பது குழல் துளையின் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு உருண்டைகளாக உருட்டினால், ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல் 12-போர். இருபது உருண்டையாக உருட்டினால் 20-போர். அதனால் எண் பெரிதானால் துளை சிறிது. 12-போர் துளை சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர் அகலம். தோட்டாவும் எங்கும் கிடைக்கும், பழுது பார்க்கிறவரும் கிடைப்பார். ஒற்றைக் குழலா இரட்டைக் குழலா என்றால், இரட்டைக் குழல் மேல். முதல் வெடியில் பன்றி விழாவிட்டால் உடனே இரண்டாவது கையில் இருக்கும். ஒடிக்கும் துப்பாக்கியில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒடித்துக் கையில் தொங்கவிட்டு நடந்தால், உள்ளே தோட்டா இல்லை என்பது பத்தடி தூரத்திலிருந்தே நமக்குத் தெரியும். பலர் நடமாடும் இடத்தில் இது பெரிய நிம்மதி.

துப்பாக்கியைவிடத் தோட்டாவே முக்கியம். தோட்டாவுக்குள் எத்தனை குண்டு, எவ்வளவு பெரிய குண்டு என்பதுதான் கணக்கு. பறவைக்குப் போடும் 6-ம் நம்பர் தோட்டாவில் ஓர் அவுன்சுக்கு 270 சிறு குண்டுகள் இருக்கும். புறாவுக்கு அது போதும். பன்றிக்கு அது தோலில் அரிப்பு உண்டாக்கும், கோபத்தை உண்டாக்கும், சாவை உண்டாக்காது. பெரிய குண்டுகளை ஆங்கிலேயர் கணக்கில் எழுத்தால் குறிப்பார்கள். எஸ்.எஸ்.ஜி. என்றால் அவுன்சுக்கு 15 குண்டு. எஸ்.ஜி. என்றால் 8. எல்.ஜி. என்றால் 6. அமெரிக்கப் பெட்டிகளில் எஸ்.ஜி.க்குச் சமமானதை இரண்டு சுழி போட்டு 00 என்று குறித்திருப்பார்கள்.

பன்றிக்கு எஸ்.ஜி.தான் நடுநிலையான தோட்டா. வழக்கமான 12-போர் தோட்டாவில் ஓர் அவுன்சும் அரைக்கால் அவுன்சுமாக ஒன்பது குண்டுகள் இருக்கும். ஒவ்வொரு குண்டும் மூன்றரை கிராம், எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பருமன். எஸ்.எஸ்.ஜி.யில் குண்டு அதிகம், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு கிராம்கூட இல்லை. வளர்ந்த பன்றியின் கவசத்தைத் தாண்டி உள்ளே போக அது தயங்கும். எல்.ஜி.யில் வேகமும் பாரமும் உண்டு, எண்ணிக்கை குறைவு.

இனி எவ்வளவு தூரத்தில் சுடலாம் என்று பார்ப்போம். பல விபத்துகளுக்கும், காயம்பட்டு ஓடும் பன்றிகளுக்கும் காரணம் இந்தக் கணக்குத் தெரியாமைதான். குண்டுகள் குழலை விட்டு வந்ததும் பரவத் தொடங்கும். ஒரு கஜத்துக்கு ஓர் அங்குலம் பரவும் என்பது பழைய வேட்டைக்காரர்களின் கைக்கணக்கு. இருபது கஜத்தில் ஒன்பது குண்டும் ஏறக்குறைய ஒரு முறத்தின் அகலத்துக்குள் இருக்கும். பன்றியின் நெஞ்சுக்கூட்டில் இரண்டொன்று கட்டாயம் பாயும். நாற்பது கஜத்திலோ, ஒடுக்கமில்லாத சாதாரணக் குழலில், முப்பது அங்குல வட்டத்துக்குள் நூற்றுக்கு நாற்பது பங்குதான் விழும். ஒன்பதில் நாற்பது பங்கு என்றால் நாலு குண்டுகூட இல்லை. முனையை ஒடுக்கிச் செய்த குழலில் நூற்றுக்கு எழுபது விழும். அப்போதும் ஆறு குண்டு, அவ்வளவுதான். உயிர் நிலையோ ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. முப்பது அங்குல வட்டத்தில் அந்தத் தட்டின் மேல் ஒரு குண்டாவது விழுமா என்பது சூதாட்டம். ஆகையால் இருபது, மிஞ்சினால் இருபத்தைந்து கஜத்துக்கு மேல் எஸ்.ஜி.யால் பன்றியைச் சுடக் கூடாது என்று நாம் கேட்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறிச் சுட்டவனுக்குக் குண்டும் சிதறும், காரியமும் சிதறும்.

இருபத்தைந்து கஜத்துக்கு மேல் பன்றியைக் கொல்லத் தயங்கும் அதே குண்டு, மேல் நோக்கிச் சுட்டால் ஏறக்குறைய எழுநூறு கஜம் போய் விழக்கூடியது. எழுநூறு கஜம் என்றால் நம் லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மேலே. கொல்லும் தூரம் வேறு, போகும் தூரம் வேறு. வேட்டைக்காரர் முதல் தூரத்தைப் பார்க்கிறார். தொழிலாளர் சங்கம் இரண்டாவது தூரத்தைப் பார்க்க வேண்டும்.

சிலர் ஒற்றைக் குண்டுத் தோட்டாவைப் புகழ்வார்கள். ஓர் அவுன்சு, அதாவது 28 கிராம் ஈயம் ஒரே கட்டியாகப் போகும் தோட்டா அது. ஐம்பது கஜத்திலும் பன்றியை வீழ்த்தும் வல்லமை அதற்கு உண்டு. ஆனால் அது தவறினால் அரை மைல் வரையும் போகக்கூடும். கல்லிலும் நீரிலும் பட்டுத் தெறிக்கவும் செய்யும். பின்னால் மண் மேடு இல்லாத சமதரை நிரையில் ஒற்றைக் குண்டை அனுமதிக்கவே கூடாது என்பது என் கருத்து. பரண் கட்டி, மேலிருந்து கீழ் நோக்கி, இருபது கஜத்துக்குள் சுடுகிறவருக்கு எஸ்.ஜி. போதும். பரண் மேலிருந்து சுட்டால் தவறிய குண்டும் மண்ணுக்குள் போய்விடும். அதனால்தான் வேட்டை என்றால் பரண் வேட்டைதான் நடக்க வேண்டும், நிரை நிரையாக அலைந்து சுடும் வேட்டை கூடாது என்று கமிட்டி கேட்கிறது. எங்கே சுடுவது என்றும் கேட்டீர்கள். பன்றி பக்கவாட்டில் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழ்ப் பாதியில் சுட வேண்டும். பன்றியின் இருதயம் முன்னங்கால்களுக்கு இடையில் தாழ்வாக இருக்கிறது. ஓடும் பன்றியையும், முகம் காட்டி நிற்கும் பன்றியையும், புதர் அசைவதையும், தூரத்து வெளிச்சத்தையும் சுடக் கூடாது. தூரத்தில் தெரிகிற வெளிச்சம் பன்றியின் கண்ணாக இருக்கலாம், நம் சகோதரியின் நெற்றி விளக்காகவும் இருக்கலாம்.

லைசென்ஸ் உள்ளவர்களும் அறிந்திருக்க வேண்டிய சில அபாயங்கள் உண்டு. 20-போர் தோட்டா 12-போர் குழலுக்குள் வழுக்கிப் போய் முன்னால் சிக்கிக்கொள்ளும். குழல் வெறுமையாக இருப்பதுபோல் தோன்றும். பின்னால் ஒரு 12-போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போய்விடும். அதற்காகத்தான் 20-போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். மஞ்சளையும் மற்றதையும் ஒரே பையில் போடக் கூடாது. பழைய துப்பாக்கிகளில் தோட்டா அறை இரண்டரை அங்குலம்தான். இப்போதைய தோட்டாக்கள் இரண்டே முக்கால் அங்குலமும் மூன்று அங்குலமும் உண்டு. நீளமான தோட்டா குட்டையான அறைக்குள் நுழைந்துவிடும். ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறிக் குழலைக் கெடுக்கும். பெட்டியில் எழுதியிருப்பது வெடித்துத் திறந்த பிறகு உள்ள நீளம் என்பதை மறக்கக் கூடாது. நம் ஊர் ஈரத்தில் நெடுநாள் கிடந்து உப்பிய தோட்டாவையும், பித்தளைப் பச்சை பிடித்த தோட்டாவையும் போடக் கூடாது. நடக்கும்போது குழல் முனையில் சேறு அடைத்துக்கொண்டால், சுடுமுன் ஒடித்து, தோட்டாவை எடுத்துவிட்டு, வெளிச்சத்தில் குழலுக்குள் பார்க்க வேண்டும். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே திறக்காமல், குழலை மண்ணை நோக்கிப் பிடித்து அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

துப்பாக்கி இல்லாதவர்கள் வேறு வழி தேடுகிறார்கள். பன்றி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, அது தட்டினால் வெடிக்கும்படி துப்பாக்கியைக் கட்டி வைக்கும் கண்ணி ஒன்று உண்டு. மலாயில் பெலாந்திக் என்பார்கள். கம்பியைத் தட்டுவது பன்றியின் காலா மனிதனின் காலா என்று அந்தத் துப்பாக்கிக்குத் தெரியாது. வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் அப்படியே. இரண்டும் குற்றம். இரண்டும் இரவில் நடக்கும் மனிதனுக்கு எமன். நம் தோட்டத்தில் யார் வைத்தாலும், அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், கமிட்டியிடம் சொல்லிவிடுங்கள். சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது, நாலு உயிரைக் காப்பாற்றுவது.

அன்பர்களே! இவ்வளவும் சொன்னது நாம் எல்லோரும் துப்பாக்கி வாங்க வேண்டும் என்பதற்காக அல்ல. நிர்வாகத்திடம் எதைக் கேட்பது என்று தெரிந்து கேட்பதற்காக. சுடுவதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. நிரைகளில் புதரை வெட்ட வேண்டும். உதிர்ந்த செம்பனைப் பழத்தைப் பொறுக்கி எடுக்க வேண்டும். லயத்துத் தோட்டங்களுக்கு உறுதியான வேலி போட நிர்வாகம் உதவ வேண்டும். பழமும் புதரும் இருக்கும் வரை பத்துப் பன்றியைச் சுட்டால் இருபது வந்து சேரும்.

அதற்கு மேலும் சுட்டுத்தான் தீர வேண்டும் என்றால், கமிட்டியின் கோரிக்கைகள் இவை. வேட்டைக்கு வருகிறவரின் பெயரையும் இரண்டு லைசென்ஸ்களையும் கமிட்டி முன்கூட்டியே பார்க்க வேண்டும். எந்த நாள், எந்த டிவிஷன், எந்த நேரம் என்பதை முதல் நாள் பெரட்டிலேயே தமிழிலும் மலாயிலும், நம்மோடு வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாள சகோதரர்களின் மொழியிலும் அறிவிக்க வேண்டும். பால் வெட்டு நடக்கும் டிவிஷனில் ஆள் இருக்கும் வரை ஒரு வெடியும் கூடாது. எல்லோரும் வெளியேறிவிட்டார்கள் என்று மண்டோர் பெயர் பார்த்து எண்ணிச் சொன்ன பிறகே வேட்டை தொடங்க வேண்டும். விடியற்காலையில் ஆட்கள் உள்ளே போகுமுன் வேட்டை முடிந்து, துப்பாக்கிகள் ஒடிக்கப்பட்டு வெளியே வந்துவிட வேண்டும். 12-போர், எஸ்.ஜி., பரண், இருபத்தைந்து கஜம் என்பதே நிபந்தனை. காயம்பட்டுத் தப்பிய பன்றி இருந்தால் அதை மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். காயம்பட்ட பன்றி புதருக்குள் படுத்திருக்கும். காலையில் கத்தியும் வாளியுமாகப் போகிறவர்கள்தான் அதன் முன்னே நிற்க வேண்டிவரும். அந்தப் பன்றி கண்டுபிடிக்கப்படும் வரை அந்த நிரைக்கு ஆள் அனுப்பக் கூடாது. அன்றைய கூலியும் குறையக் கூடாது.

இது தயவு கேட்பது அல்ல. வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1994-ம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி அபாயம் இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு தெரிவித்தும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. வேலையில் காயம்பட்டால் 1969-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொக்சோவில் கோரலாம். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆனால் சொக்சோ பணம் கொடுக்கும், போன கண்ணைக் கொடுக்காது. காயத்துக்குப் பின் மனுப் போடுவதைவிட, வெடிக்கு முன் நிபந்தனை போடுவது நல்லது.

கடைசியாக, சுட்ட பன்றியைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 பிப்ரவரியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் சபாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அது மனிதனுக்குத் தொற்றாது, ஆனால் வளர்ப்புப் பன்றிகளைக் கூட்டத்தோடு அழித்துவிடும். செத்துக் கிடக்கும் பன்றியை யாரும் தொடாமல் தகவல் கொடுங்கள். உண்பவர்கள் ஈயக் குண்டு பாய்ந்த சதையைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு, மீதியை நன்றாக வேகவைத்து உண்ணுங்கள். அரைவேக்காட்டில் புழு உண்டு. இன்னொன்று. நம் லயத்தில் மலாய்க்கார, இந்தோனேசிய, வங்காளதேசக் குடும்பங்களும் வாழ்கின்றன. சுட்ட பன்றியைப் பொதுக் குழாயடியில் போட்டு அறுப்பதும், ஆள் ஏற்றும் லாரியில் ஏற்றுவதும் கூடவே கூடாது. சம்பள உயர்வுக்குத் தோளோடு தோள் நிற்கும் மனிதனுடைய மனத்தை ஒரு துண்டு இறைச்சிக்காகப் புண்படுத்தலாமா?

தாய்மார்களே, தோழர்களே! பன்றி நமக்கு எதிரி அல்ல. அதற்குப் பசி. வேட்டைக்காரரும் நமக்கு எதிரி அல்ல. அவருக்கு அவர் தொழில். ஆனால் நம் நிரைக்குள் பாயும் ஒவ்வொரு குண்டுக்கும் யாரோ ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பொறுப்பை எழுத்தில் வாங்கும் வரை இந்தத் தோட்டத்தில் வேட்டை வேண்டாம் என்று தீர்மானம் கொண்டுவரக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. நான் சொன்ன கோரிக்கைகள் அந்தத் தீர்மானத்தில் வரிசையாக இருக்கின்றன. செயலாளர் அதை இப்போது வாசிப்பார். சந்தேகம் இருப்பவர்கள் எழுந்து கேளுங்கள். சம்மதம் என்றால் கையை உயர்த்துங்கள். நாளைக் காலைப் பெரட்டில் அது நிர்வாகத்தின் மேஜையில் இருக்க வேண்டும்.

 தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!